குப்பைச் செய்திகளைத் தடுப்பது யார் பொறுப்பு?

மாட்டுங்கா ரயில் நிலையத்தில் காலை வண்டிக்காகக் காத்து நிற்கும் ஒரு குமாஸ்தாவின் சட்டைப் பையில் செல்போன் அதிர்கிறது. ஊரிலிருந்து ஏதாவது செய்தியோ, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று பதறிக்கொண்டு எடுத்துப் பார்க்கிறார். "உங்களுக்கு ரூ. 5 லட்சம் கடன் தயார்" என்கிறது செய்தி. அவர் யாரிடமும் கடன் கேட்கவில்லை. செய்தியை அழித்துவிட்டு வண்டியில் ஏறுகிறார். தாதர் வருவதற்குள் மனை விற்பனைக்கு ஒன்று, ரம்மி ஆட்டத்துக்கு ஒன்று, "வீட்டிலிருந்தே நாளொன்றுக்கு ரூ. 2,000 சம்பாதிக்கலாம்" என்று ஒன்று, ஆக இன்னும் மூன்று வந்துவிடுகின்றன.

தாராவியின் தோல் பட்டறையிலும் இதே கதைதான். செம்பூரில் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் பெரியவருக்கும் இதே தொல்லைதான். செல்போனில் வருவது ஒரு பங்கு என்றால், மின்னஞ்சலில் வருவது பத்துப் பங்கு. இதற்கு ஆங்கிலத்தில் "ஸ்பாம்" என்று பெயர். தமிழில் குப்பைச் செய்தி என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

அழித்துவிட்டால் தீர்ந்தது, இதற்குப் போய் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் விஷயம் அத்தனை சிறியது அல்ல. இந்தக் குப்பையால் ஏமாந்து பணத்தைப் பறிகொடுப்பவர்கள் ஒரு புறம். குப்பையே அனுப்பாமல் அதன் பழியைச் சுமக்கும் சிறு வியாபாரிகள் மறுபுறம். தன் பெயரில் வாங்கிய சிம் கார்டை யாருக்கோ கொடுத்துவிட்டு விழிக்கும் ஏழைத் தொழிலாளிகள் இன்னொரு புறம். கடைசி இரு வகையினரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

தந்திக்கும் குப்பைக்கும் உள்ள வித்தியாசம்

ஒரு காலத்தில் வீட்டுக்குத் தந்தி வந்தால் தெருவே பதறும். பிரித்துப் படிப்பதற்கு முன்பே அழுகைச் சத்தம் கேட்கும். ஏனென்றால், வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தே தந்தி அடிக்க வேண்டும். வேலையற்றவன் விளையாட்டுக்குத் தந்தி அடிக்க மாட்டான். 2013-ம் ஆண்டு ஜூலை மாதத்தோடு இந்தியாவில் தந்தி சேவை நிறுத்தப்பட்டது. அதோடு, அனுப்புகிறவன் செலவு செய்ய வேண்டும் என்ற அந்தப் பழைய கட்டுப்பாடும் போய்விட்டது.

கடை திறப்பு விழாவுக்கு நோட்டீஸ் அடிப்பவர் 1,000 நோட்டீசுக்குக் காகிதச் செலவு, அச்சுக்கூலி, விநியோகிக்கும் பையனுக்குக் கூலி என்று கணக்குப் பார்க்கிறார். தேவையற்றவர் கையில் போனால் நஷ்டம் என்று யோசிக்கிறார். மின்னஞ்சலில் இந்தக் கணக்கே கிடையாது. ஆயிரம் பேருக்கு அனுப்புவதற்கும் பத்து லட்சம் பேருக்கு அனுப்புவதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. பத்து லட்சம் பேரில் பத்துப் பேர் ஏமாந்தால் போதும், போட்ட முதல் திரும்பிவிடும். மீதி 9 லட்சத்து 99 ஆயிரத்து 990 பேரின் நேரமும் எரிச்சலும் அவன் கணக்கில் வருவதே இல்லை.

குப்பைச் செய்தியின் வேர் இதுதான். லாபம் அனுப்புகிறவனுக்கு, செலவு பெறுகிறவனுக்கு!

தொடங்கியது எப்போது?

இது இன்று நேற்று முளைத்த தொல்லை அல்ல. 1978-ம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவில் டிஜிட்டல் எக்யூப்மென்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனை அதிகாரி கேரி துயர்க் என்பவர், தம் கம்பெனியின் புதிய கம்ப்யூட்டரைப் பற்றிச் சுமார் 400 பேருக்கு ஒரே நேரத்தில் செய்தி அனுப்பினார். அன்று அந்த இணைப்பு அமெரிக்க ராணுவத் துறையின் பணத்தில் நடந்தது. கண்டனங்கள் குவிந்தன. உலகின் முதல் குப்பை அஞ்சல் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

1994-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து வக்கீல் தம்பதியர் இருவர், "கிரீன் கார்டு" குலுக்கலுக்கு விண்ணப்பம் எழுதித் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கான விவாதக் குழுக்களில் ஒரே விளம்பரத்தைக் கொட்டினார்கள். வெளிநாடு போக ஏங்கும் மனிதனின் ஆசைதான் அன்றும் தூண்டில் புழு. துபாய் வேலை, கனடா விசா என்று மும்பைத் தமிழர்களின் செல்போனில் இன்று வந்து விழும் செய்திகளின் பூட்டனார் அந்த விளம்பரம்தான்.

அமெரிக்கா 2003-ல் இதற்கென்று தனிச் சட்டமே இயற்றியது. அனுப்புகிறவன் தன் உண்மையான விலாசத்தைப் போட வேண்டும். வேண்டாம் என்று சொன்னவருக்கு மறுபடி அனுப்பக் கூடாது என்பன அதன் முக்கிய நிபந்தனைகள். குப்பை குறைந்ததா? இல்லை. சட்டத்துக்குப் பயந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பயப்படாதவர்கள் கடை விலாசத்தை மாற்றிக்கொண்டார்கள்.

வாடகைக்கு இடம் விடுகிறவர்கள்

விலாசத்தை மாற்றுவது எப்படி முடிகிறது? இங்குதான் "ஹோஸ்டிங்" கம்பெனிகள் காட்சிக்குள் வருகின்றன.

இணையத்தில் கடை வைக்க விரும்புகிறவனுக்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று பெயர்ப் பலகை, அதாவது இணைய விலாசம். மற்றொன்று கடை போட இடம். இந்த இடத்தை, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் பெரிய கம்ப்யூட்டர்களில் பங்கு பிரித்து வாடகைக்கு விடுகிறவர்களே ஹோஸ்டிங் கம்பெனிக்காரர்கள். மாதம் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கூட இடம் கிடைக்கிறது. இலவசமாகக் கொடுக்கிறவர்களும் உண்டு. பணம் கட்டிய சில நிமிடங்களில் கடை திறந்துவிடலாம்.

குறைந்த வாடகைக்கு எப்படி முடிகிறது? ஒரே கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான கடைகளைக் குடிவைக்கிறார்கள். மும்பை வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. சால் வீடு என்று வைத்துக்கொண்டால் போதும். ஒரே கட்டிடம், ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே விலாசம். உள்ளே நாற்பது குடும்பங்கள்.

அந்தச் சாலில் ஒருவன் திருட்டுச் சாராயம் விற்றால் என்ன ஆகும்? போலீஸ் வரும். கட்டிடத்துக்கே கெட்ட பெயர் ஏற்படும். பக்கத்து வீட்டுப் பையன் வேலைக்குப் போய் விலாசம் சொன்னால், "ஓ, அந்த இடமா?" என்று முகம் சுளிப்பார்கள். தாராவிக்காரர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. விலாசத்தைக் கேட்டதும் கடன் விண்ணப்பத்தை ஓரமாக ஒதுக்கிவைப்பது இந்த நகரம் வெகு காலமாக அறிந்த பழக்கம்.

இணையத்திலும் அச்சாக இதுவே நடக்கிறது. குப்பை எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து புறப்படுகிறது என்று கண்காணித்து, அதன் எண்ணைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கும் அமைப்புகள் உலகில் பல உள்ளன. பெரிய மின்னஞ்சல் கம்பெனிகள் அந்தப் பட்டியலைப் பார்த்தே கடிதத்தை உள்ளே விடுகின்றன, அல்லது குப்பைத் தொட்டியில் போடுகின்றன. ஒரே எண்ணில் குடியிருக்கும் நூறு பேரில் ஒருவன் குப்பை அனுப்பினாலும், பட்டியலில் ஏறுவது எல்லோருக்கும் பொதுவான அந்த எண்தான்.

தாராவியில் தோல் பை செய்யும் சிறு முதலாளி ஒருவர் இணையத்தில் கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு வாடிக்கையாளர் விலை கேட்டு எழுதுகிறார். இவர் உடனே பதில் அனுப்புகிறார். அந்தப் பதில் வாடிக்கையாளரின் குப்பைத் தொட்டிக்குப் போய்விடுகிறது. பதிலே வரவில்லை என்று அவர் வேறு கடைக்குப் போய்விடுகிறார். ஆர்டர் போனது ஏன் என்று பட்டறைக்காரருக்குத் தெரியப்போவதில்லை. "இன்டர்நெட் வியாபாரம் நமக்குச் சரிப்படாது" என்று தலையில் கை வைத்துக்கொள்வார். பெரிய கம்பெனியாக இருந்தால் தனிக் கம்ப்யூட்டர், தனி எண், அதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் என்று வைத்துக்கொள்ளும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்ற பழமொழி இணையத்துக்கும் பொருந்துகிறது.

2008-ல் வந்த பாடம்

இடம் கொடுக்கிறவர்கள் மனம் வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு 2008-ம் ஆண்டு நடந்த சம்பவங்கள் நல்ல உதாரணம். அதில் மும்பைக்கும் ஒரு பங்கு உண்டு.

அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் மெக்கோலோ என்ற ஹோஸ்டிங் கம்பெனி இருந்தது. உலகின் குப்பை அஞ்சலை இயக்கிய பல கும்பல்களின் தலைமைக் கம்ப்யூட்டர்கள் அங்கேதான் குடியிருந்தன. ஆராய்ச்சியாளர்களும் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் நிருபர் பிரையன் கிரெப்சும் ஆதாரங்களைத் திரட்டி, மெக்கோலோவுக்கு இணைப்புக் கொடுத்த கம்பெனிகளிடமே காட்டினார்கள். 2008 நவம்பர் 11-ந் தேதி அந்தக் கம்பெனிகள் இணைப்பைத் துண்டித்தன. மறுநாளே உலகக் குப்பை அஞ்சல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது! ஒரே கட்டிடத்தின் ஒயரைப் பிடுங்கியதில் கிடைத்த பலன் அது. கும்பல்கள் வேறு இடம் தேடிக்கொண்டு சில மாதங்களில் பழைய நிலைக்கு வந்துவிட்டன என்பதும் உண்மையே.

அதே ஆண்டில், மும்பையைச் சேர்ந்த டைரக்டி என்ற கம்பெனியின் பெயரும் அடிபட்டது. 1998-ல் துராக்கியா சகோதரர்கள் தொடங்கிய கம்பெனி அது. இணைய விலாசங்களைப் பதிவு செய்து தருவது அதன் முக்கியத் தொழில். மோசடிக்காரர்கள் பலர் அதன் வழியாக விலாசம் வாங்குகிறார்கள், உரிமையாளர் பெயரை மறைத்துவைக்கும் அதன் வசதி அவர்களுக்குத் துணைபோகிறது என்று வெளிநாட்டுக் கண்காணிப்பாளர்கள் குற்றம் சாட்டினர். கம்பெனி அதை மறுத்தது. ஆனால் மறுப்போடு நிற்கவில்லை. குறை சொன்னவர்களோடு உட்கார்ந்து பேசி, புகார் வந்த விலாசங்களை முடக்கியது.

அதன் பிறகு நடந்தது இன்னும் சுவையானது. எஸ்ட்டொமைன்ஸ் என்ற எஸ்டோனியக் கம்பெனியின் தலைவர் தம் நாட்டில் கிரெடிட் கார்டு மோசடி வழக்கில் தண்டனை பெற்றவர் என்பது வெளியானது. இணைய விலாசங்களை உலக அளவில் நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு அந்தக் கம்பெனியின் அனுமதியை ரத்து செய்தது. அதன் பொறுப்பில் இருந்த சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் விலாசங்களை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, ஐகான் தேர்ந்தெடுத்தது இதே மும்பைக் கம்பெனியைத்தான். சில மாதங்களுக்கு முன் குற்றம் சாட்டப்பட்டவர், வீட்டைச் சுத்தம் செய்த பிறகு, பிறர் வீட்டுச் சாவியையும் வாங்கிக்கொள்ளும் நிலைக்கு வந்தார்!

இதிலிருந்து தெரிவது என்ன? வாடகைக்கு விடுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றும் செய்ய முடியாது என்பது வெறும் சாக்கு. தெரிந்துகொள்ள முடியும். தடுக்கவும் முடியும். ஆனால் தடுத்தால் வாடகை போகும். குப்பைக்காரனும் ஒழுங்காகப் பணம் கட்டும் வாடிக்கையாளர் அல்லவா?

இந்தத் தயக்கத்தை உடைக்கவே ஐகான் 2024 ஏப்ரலில் விதியைக் கடுமையாக்கியது. போலி வங்கிப் பக்கம், வைரஸ் பரப்புதல் போன்றவற்றுக்கு ஒரு விலாசம் பயன்படுகிறது என்று ஆதாரத்தோடு புகார் வந்தால், பதிவு செய்து கொடுத்த கம்பெனி நடவடிக்கை எடுத்தே தீர வேண்டும். இந்தியாவிலும் செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பு 2022 ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டது. கம்ப்யூட்டர் இடத்தை வாடகைக்கு விடும் கம்பெனிகள் தம் வாடிக்கையாளரின் பெயர், விலாசம் முதலியவற்றைச் சரிபார்த்து ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். குடியிருப்பவன் யார் என்று தெரியாமல் வீடு கொடுக்காதே என்பதே இதன் பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மின்னஞ்சல் குப்பைக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவில், எரிச்சலூட்டும் மின்னஞ்சலையும் அனுப்பியவர் யார் என்பதை மறைத்து ஏமாற்றும் மின்னஞ்சலையும் தண்டிக்கும் ஒரு வரி இருந்தது. ஆனால் அந்தப் பிரிவு குப்பைக்காரர்கள் மீது பாய்ந்ததை விட, கருத்துச் சொன்னவர்கள் மீது பாய்ந்ததே அதிகம் பேசப்பட்டது. 2012 நவம்பரில் மும்பைக்கு அருகே பால்கரில், பந்த் பற்றி பேஸ்புக்கில் எழுதியதற்காக இரண்டு இளம் பெண்கள் கைது செய்யப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2015 மார்ச் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தப் பிரிவையே ரத்து செய்தது. பேச்சுரிமைக்கு அது வெற்றி. ஆனால் கொசுவுக்கு வைத்த மருந்தை மனிதர் மேல் அடித்ததால், கடைசியில் மருந்தும் போயிற்று, கொசுவும் தங்கிவிட்டது.

செல்போன் குப்பையின் கதை வேறு. டெலிபோன் துறையைக் கண்காணிக்கும் டிராய் அமைப்பு 2007 முதலே இதோடு மல்லுக்கட்டி வருகிறது. விளம்பர அழைப்பு வேண்டாம் என்பவர்கள் பெயர் கொடுக்கும் பதிவேடு அந்த ஆண்டு வந்தது. 2011-ல் விதிகள் இறுகின. இரவு 9 மணி முதல் காலை 9 மணி வரை விளம்பர அழைப்புக் கூடாது என்றார்கள். 2018-ல் புதிய விதிமுறை வந்தது. செய்தி அனுப்பும் ஒவ்வொரு கம்பெனியும் தன் பெயரையும், அனுப்பும் வாசகத்தின் மாதிரியையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பது அது.

சொல்வது எளிது. 2021 மார்ச் 8-ந் தேதி இந்தச் சோதனையை முழு அளவில் அமல் செய்தபோது, நாடெங்கும் வங்கி ஓ.டி.பி. எண்களே வராமல் மக்கள் தவித்தார்கள். பல கம்பெனிகள் வாசகத்தைப் பதிவு செய்யாமல் இருந்ததே காரணம். டிராய் அதை ஒரு வாரம் நிறுத்திவைக்க வேண்டி வந்தது. களை எடுக்கப் போய்ப் பயிரையும் சேர்த்துப் பிடுங்கும் அபாயம் எப்போதும் உண்டு என்பதற்கு இது சாட்சி.

பதிவு செய்துகொண்டவர்கள் ஒருவாறு கட்டுக்குள் வந்தார்கள். பதிவே செய்யாமல் சாதாரணப் பத்து இலக்க எண்களிலிருந்து அழைப்பவர்கள் பெருகினார்கள். 2024-ம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் மட்டும் இவர்கள் மீது 7 லட்சத்து 90 ஆயிரத்துக்கு மேற்பட்ட புகார்கள் வந்தன. ஆகஸ்டு 13-ந் தேதி டிராய் கடும் உத்தரவு பிறப்பித்தது. அடுத்த சில வாரங்களில் 2 லட்சத்து 75 ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்கள் துண்டிக்கப்பட்டன. ஐம்பதுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

2025 பிப்ரவரி 12-ந் தேதி விதிகள் மறுபடி திருத்தப்பட்டன. முன்பு 7 நாட்களில் 10 புகார்கள் வந்தால்தான் நடவடிக்கை; இப்போது 10 நாட்களில் 5 புகார்கள் போதும். புகார் கொடுக்க முன்பு 3 நாட்கள் அவகாசம். இப்போது 7 நாட்கள். நடவடிக்கைக்கு முன்பு 30 நாட்கள். இப்போது 5 நாட்கள். குப்பை எண்ணிக்கையைத் தவறாகக் காட்டும் டெலிபோன் கம்பெனிக்கு முதல் முறை ரூ. 2 லட்சம், இரண்டாம் முறை ரூ. 5 லட்சம், அதற்கு மேல் ரூ. 10 லட்சம் அபராதம்.

இந்தக் கடைசி அம்சம் கவனிக்கத்தக்கது. அனுப்புகிறவனை மட்டும் துரத்தாமல், அவனுக்கு வழி விடுகிற கம்பெனியின் பையிலும் கை வைத்திருக்கிறார்கள். ஆனால் டிராயின் அதிகாரம் அழைப்புகளோடும் எஸ்.எம்.எஸ்.சோடும் நின்றுவிடுகிறது. வாட்ஸ்அப், டெலிகிராம், மின்னஞ்சல் ஆகியவற்றில் வரும் குப்பை அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. முன்வாசலைப் பூட்டினால் கள்ளன் கொல்லைப்புறம் வருவான் அல்லவா?

அகப்படுபவன் யார்?

புதிய விதிகளின்படி, புகாருக்கு ஆளான எண்ணின் சொந்தக்காரருக்கு முதல் முறை 15 நாட்கள் வெளி அழைப்பு நிறுத்தம். மறுபடியும் அகப்பட்டால், அவர் பெயரில் உள்ள எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிப்பு.

அந்தச் சொந்தக்காரர் யார் என்பதே கேள்வி. குப்பை அனுப்பிச் சம்பாதிப்பவன் தன் பெயரில் சிம் வாங்குவதில்லை. நூறோ இருநூறோ கையில் வைத்து, வேலை தேடி மும்பைக்கு வந்த இளைஞனின் ஆதார் அட்டையில் வாங்குகிறான். "ஆபீசுக்குத்தான், ஒன்றும் ஆகாது" என்கிறான். பிறகு எண் துண்டிக்கப்படும்போது, போலீஸ் கதவைத் தட்டும்போது, அகப்படுபவன் அட்டை கொடுத்தவன்! 2023-ம் ஆண்டு டெலிகாம் சட்டத்தின்படி, மோசடியாக சிம் வாங்குவதற்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ரூ. 50 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். ஒருவர் பெயரில் மும்பையில் 9 இணைப்புகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் சட்டம். ஊரில் குடும்பத்தோடு பேச உள்ள ஒரே செல்போனும் செத்துப்போனால் தொழிலாளியின் கதி என்ன?

இன்னொரு வகையினர், டெலிபோனில் கூப்பிட்டுப் பேசும் வேலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகள். முன் தலைமுறை மாட்டுங்காவில் டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு கோட்டைப் பகுதி ஆபீசுகளில் வேலைக்குப் போயிற்று. இந்தத் தலைமுறையில் பலருக்கு முதல் வேலை கால் சென்டரில்தான் கிடைக்கிறது. நாள் முழுவதும் திட்டு வாங்குவது அந்தப் பையனோ பெண்ணோதான். எண்களை எங்கிருந்து வாங்கினார்கள், அந்த மக்கள் சம்மதம் கொடுத்தார்களா என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்களைத் திட்டுவதால் குப்பை குறையாது. ஆனால், தான் சேரும் கம்பெனி முறையாகப் பதிவு பெற்றதா, விளம்பரத்துக்கென்று ஒதுக்கப்பட்ட 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்து அழைக்கிறதா, அல்லது தன் சொந்த செல்போனையே பயன்படுத்தச் சொல்கிறதா என்று வேலையில் சேரும் முன் கேட்டுக்கொள்வது அவர்களுக்கே நல்லது.

நேர்மையான விளம்பரம் எது?

அப்படியானால் இணையத்தில் விளம்பரமே கூடாதா? அப்படிச் சொல்வது சிறு வியாபாரியின் வயிற்றில் அடிப்பதாகும். தாராவித் தோல் பொருளும், செம்பூர் இல்லத்தரசி செய்யும் முறுக்கும் வடாமும், கடை வாடகை கொடுக்காமல் ஊர் முழுவதும் போய்ச் சேர இணையம் ஒரு வரப்பிரசாதம். கூடாதது விளம்பரம் அல்ல. அழையாத வீட்டுக்குள் நுழைவதே.

நேர்மையான விளம்பரத்துக்கு நான்கு அடையாளங்கள் உண்டு. கேட்டவருக்கு மட்டும் அனுப்புவது ஒன்று. அனுப்புகிறவர் தன் பெயரையும் விலாசத்தையும் மறைக்காமல் இருப்பது இரண்டு. வேண்டாம் என்றால் உடனே நிறுத்துவது மூன்று. சொன்ன பொருளைச் சொன்ன விலைக்குக் கொடுப்பது நான்கு. பழைய பலசரக்குக் கடைக்காரர் இதையெல்லாம் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. மறுநாளும் அதே தெருவில் முகம் காட்ட வேண்டும் என்ற ஒரே காரணத்தால் கடைப்பிடித்தார். இணையத்தில் முகம் தெரியாததால்தான் இதற்கெல்லாம் விதி எழுத வேண்டியிருக்கிறது.

பெரிய கம்பெனிகளும் இந்த வழிக்கு வந்துகொண்டிருக்கின்றன. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புகிறவர்களுக்கு நிபந்தனை போட்டன. கூகுளின் ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்கள், கடிதம் தங்களிடமிருந்துதான் வருகிறது என்று நிரூபிக்கும் முத்திரையை வைக்க வேண்டும். ஒரே தட்டலில் விலகிக்கொள்ளும் வசதி கொடுக்க வேண்டும். குப்பை என்று புகார் செய்வோர் ஆயிரத்துக்கு மூன்று பேரை எட்டக் கூடாது. அரசாங்கம் செய்யாததை வியாபாரமே தன் பாதுகாப்புக்காகச் செய்துகொண்டது எனலாம். ஆனால் கோடிக்கணக்கானவர் கடிதத்துக்கு இரண்டு மூன்று வெளிநாட்டுக் கம்பெனிகளே நீதிபதியாக இருப்பது எவ்வளவு தூரம் சரி என்ற கேள்வியும் இருக்கிறது. தவறாகக் குப்பைத் தொட்டியில் விழுந்த தோல் பட்டறைக்காரர் யாரிடம் போய் முறையிடுவார்?

இனி செய்ய வேண்டியது

அரசு செய்ய வேண்டியவை மூன்று. மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப் போன்றவற்றுக்கும் பொருந்தும் தெளிவான சட்டம் வேண்டும். அது 66-ஏ போலப் பேச்சைப் பிடிக்கும் வலையாக இல்லாமல், வியாபாரக் குப்பையை மட்டும் பிடிப்பதாக இருக்க வேண்டும். புகார் வந்த பிறகும் கண்ணை மூடிக்கொள்ளும் ஹோஸ்டிங் கம்பெனிக்கு, டெலிபோன் கம்பெனிக்குப் போல அபராதம் வேண்டும். தவறாகக் கறுப்புப் பட்டியலில் விழுந்த சிறு வியாபாரி தமிழிலும் மராத்தியிலும் முறையிட ஓர் இடம் வேண்டும்.

மக்களின் விவரங்களை அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்கும் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. படிப்படியாகவே அமலுக்கு வருகின்றன. செல்போன் எண்களை மூட்டை கட்டி விற்கும் வியாபாரத்தின் மீது இந்தச் சட்டம் உண்மையாகப் பாய்கிறதா என்பதே அதன் சோதனை.

வாசகர்கள் கையிலும் சில ஆயுதங்கள் இருக்கின்றன. விளம்பரம் வேண்டாம் என்பவர்கள் 1909 என்ற எண்ணில் பதிவு செய்துகொள்ளலாம். தொல்லை வந்தால் அங்கேயே புகாரும் கொடுக்கலாம். மோசடி என்று சந்தேகம் வந்தால், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் தெரிவிக்கலாம். தன் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதையும் அதே தளத்தில் பார்த்து, தெரியாத எண் இருந்தால் நீக்கச் சொல்லலாம். பணம் போய்விட்டால் கொஞ்சமும் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும். வங்கி விலாசம் என்று வந்தால், அது ".பேங்க்.இன்" என்று முடிகிறதா என்று பார்க்க வேண்டும், 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் அந்த விலாசத்துக்கு மாற ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆதார் அட்டையையும் சிம் கார்டையும் யார் கேட்டாலும், எவ்வளவு கொடுத்தாலும், கைமாற்றக் கூடாது.

முன்பு தபால்காரர் கொண்டுவந்த கடிதத்தை நம்பிப் பிரித்தார்கள். இன்று செல்போன் துடித்தால், ஊரிலிருந்து வரும் உண்மையான செய்தியைக் கூட நம்பத் தயங்குகிறார்கள். குப்பைச் செய்தி பறித்துக்கொண்ட பெரிய சொத்து அந்த நம்பிக்கைதான். தன் வீட்டில் யார் குடியிருக்கிறான் என்று வீட்டுக்காரன் கேட்க வேண்டும். கேட்காத வீட்டுக்காரனைச் சட்டம் கேட்க வேண்டும். அதுவரை, ஒருவன் போடும் குப்பைக்குத் தெருவே பழி சுமக்கும் நிலை மாறாது.